குருதி உறையும் இயல்பும் கருத்தடைக் குளிசையும்

கையில் வெட்டுப்பட்டால் குருதி சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகின்றது. சிலர்க்கோ வெட்டேதுமின்றியே காலின் ஆழ்நாளத்துள் உறைகின்றது. அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்குமாயின் உயிருக்கே ஆபத்து. பரம்பரையாக வரும் இத்தகைய குறைபாடுகளுள் ஒன்று, 1994இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் கண்டறியப்பட்டு, அந்நகரின் பெயரையே பெற்றது.

இக்குறைபாடுடைய பெண்ணுக்கு ஈஸ்திரோசன் கலந்த குளிசை ஆகாது. அவ்வோமோன் ஈரலைத் தூண்டி, உறைதற் காரணிகளைப் பெருக்குகின்றது. தோலில் ஒட்டும் பட்டையும் அத்தகையதே. அதற்காகக் கருத்தடையையே கைவிடுதல் பேதைமை. கர்ப்பகாலமும் மகப்பேற்றை அடுத்த வாரங்களும் குளிசையினும் மிகுதியாகக் குருதியை உறையச் செய்வன அல்லவா?

புரோசெஸ்தோசன் மட்டுமே கொண்ட குளிசையும், தோலின்கீழ்ப் பதிக்கும் குச்சியும் பெரும்பாலும் ஏற்புடையன. மூன்று மாத ஊசியை வைத்தியர் சற்றுத் தயங்கியே தருவர். கருப்பையினுள் வைக்கும் செப்பு வளையத்தில் ஓமோனே இல்லை. எனினும் அது மாதவிலக்கைப் பெருக்கும். குருதி உறையாதிருக்க மருந்துண்பவளுக்கு அது சிறு தொல்லையன்று. ஓமோன் கசியும் வளையமே அவளுக்குப் பெரிதும் பொருந்தும். அது மாதவிலக்கைக் குறைக்கின்றது.

தாய்க்கோ சகோதரிக்கோ இவ்வாறு குருதி உறைந்ததுண்டாயின், வைத்தியர் கேளாவிடினும் சொல்லுதல் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், திடீரென மூச்சு முட்டினாலும், விடியட்டும் என்றிராது உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.