மூலையில் ஒடுங்கிய முயல்

பரிசோதனைச்சாலையிலிருந்து விடுவிக்கப்பெற்ற வெள்ளை முயலொன்று ஒரு வீட்டிற்குக் கொண்டுவரப்படுகின்றது. எடை ஏறக்குறைய நான்கு கிலோகிராம். காதின் உட்புறத்தில் அடையாள எண் பச்சை குத்தப்பெற்றிருக்கின்றது. கூடையைத் திறந்து விட்டதும் அது அறையின் மூலைக்குச் சென்று, சுவரோடு சுவராக அமர்ந்து விடுகின்றது. வீட்டார் காரட் துண்டை நீட்டுகின்றனர். அது முகர்ந்தும் பார்ப்பதில்லை. தொட்டால் விலகுவதில்லை, தூக்கினால் கத்துவதுமில்லை. “எவ்வளவு சாதுவான பிராணி!” என்று அனைவரும் வியக்கின்றனர். அந்த வியப்பிலேயே முதற் பிழை நேர்ந்து விடுகின்றது.

முயல் பிறரைக் கொன்று தின்னும் பிராணியன்று. பிறரால் கொன்று தின்னப்படும் பிராணி. நரியும் பருந்தும் அசைவைக் கண்டே இரையை அறிகின்றன. ஆகவே, ஓடித் தப்ப வழியில்லாதபோது, அசையாதிருத்தலே முயலுக்கு எஞ்சிய தற்காப்பாகும். மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் மயங்கிக் கிடப்பதைச் சிலர் வேடிக்கையாகக் காட்டுவதுண்டு. அது உறக்கமன்று, பகைவனின் பிடியில் சிக்கிவிட்டதாக எண்ணிய உடல் கொள்ளும் விறைப்பேயாகும். இவ்வேடிக்கையை எவரும் செய்தலாகாது. மூலையில் அசையாது கிடக்கும் முயலின் நிலையும் இதனின்று வெகு தூரத்திலில்லை.

இத்தகைய முயல்கள் பல வழிகளில் இல்லங்களை வந்தடைகின்றன. பிராணிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1998-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றிற்குப் பின்னர் வந்த திருத்தங்களும், பரிசோதனை முடிந்த பிராணிகளின் பிற்காலப் பராமரிப்பையும் பரிசோதனை செய்வோரின் பொறுப்பாக்கியுள்ளன. அழகுப் பொருள்களைப் பிராணிகளின்மீது சோதித்தல் 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பரிசோதனைச்சாலை முயல்களேயன்றி, பண்ணைகளில் கழிக்கப்பட்டவையும், குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகச் சந்தையில் வாங்கிச் சில மாதங்களில் கைவிடப்பட்டவையும் உண்டு. இவையனைத்தும் ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வழித்தோன்றல்கள். நம் நாட்டுக் காட்டு முயல் வேறோர் இனம். அது வளை தோண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிப்பதால், அதைப் பிடித்து வந்து வீட்டில் வளர்த்தல் குற்றமாகும்.

அச்சத்தின் வேர்

வீட்டு முயலுக்கு அச்சம் குறைவு என்பதில் உண்மையில்லாமலில்லை. அதன் மூளை காட்டினத்தினதைவிடச் சிறுத்திருப்பதை டார்வின் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே குறிப்பிட்டார். அச்ச உணர்ச்சியோடு தொடர்புடைய ‘அமிக்டலா’ என்னும் மூளைப்பகுதி வீட்டு முயலில் சிறியதாகவும், அவ்வுணர்ச்சியை அடக்கியாளும் முன்மூளைப் பகுதி பெரியதாகவும் இருப்பதை 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காந்தப் படங்களின் வாயிலாகக் காட்டியது. ஆயின் அச்சம் குறைந்துள்ளதேயன்றி, அற்றுப்போகவில்லை.

மனிதரைக் கண்டு அஞ்சுவதும் அஞ்சாததும் பெரும்பாலும் பிறந்த முதல் வாரத்திலேயே உருவாகின்றன. தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில நிமிஷங்களே குட்டிகளுக்குப் பாலூட்டும். அவ்வேளையை ஒட்டிக் குட்டிகளைக் கையிலெடுத்துப் பழக்கினால், அவை வளர்ந்தபின் மனிதரிடம் அச்சமின்றி வருகின்றன. வேறு வேளைகளில் எடுத்தால் அவ்வளவு பயனில்லை. ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். வரிசை வரிசையான கூண்டுகளில் பிறந்த முயலுக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. பின்னர் அது அறிந்த மனிதக் கையோ, பிடித்து அழுத்தும் கையேயாகும். ஆகவே புதிய வீட்டாரின் அன்பை அது அன்பென அறிய நியாயமில்லை.

இடமும் தரையும்

முதலில் வேண்டுவது ஒளிந்துகொள்ள ஓர் இடம். இரு பக்கமும் வாயில் வைத்த அட்டைப் பெட்டியே போதும். ஒரே வாயிலுள்ள பெட்டி முயலின் கணக்கில் பொறியாகும். பகைவன் ஒரு வாயிலில் நின்றால் மறு வாயிலால் வெளியேற வழி வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் முயலை எக்காரணம் கொண்டும் கைவிட்டு இழுத்தலாகாது. அந்த ஓரிடம் மட்டும் முயலின் ஆட்சிக்கே விடப்படுதல் வேண்டும். ஒளிய இடம் கொடுத்தால் முயல் வெளியே வராதே என்று பலர் அஞ்சுகின்றனர். நடப்பது இதற்கு நேர்மாறானது. திரும்பி ஓட இடமுண்டு என்று அறிந்த முயலே துணிந்து வெளியே வருகின்றது.

நம் வீடுகளில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. முயலின் உள்ளங்காலில் நாய்க்கும் பூனைக்கும் உள்ள மெத்தைத் தசை கிடையாது; ரோமமே உண்டு. மொசைக் தரையிலும் பளிங்குத் தரையிலும் அது வழுக்குகின்றது. ஓடினால் விழுவோம் என்று கண்டுகொண்ட முயல் ஓடுவதையே விட்டுவிடும்; அதனைச் சோம்பல் என்றோ துக்கம் என்றோ வீட்டார் கருதுவர். ஜமக்காளமோ பாயோ விரித்த அன்றே நடமாடத் தொடங்கிய முயல்கள் உண்டு. நூல் பிரிந்த சாக்கு ஆகாது. முயல் நூலை விழுங்கிவிடும். கம்பி வலைத் தரை காலைப் புண்ணாக்கும்.

உஷ்ணத்தையும் கவனித்தல் வேண்டும். முயலுக்கு வியர்வை வழியே உடலைக் குளிர்விக்க இயலாது. காதுகளின் இரத்தக் குழாய்களே வெப்பத்தை வெளிவிடுகின்றன. அங்கோரா முயல்களை வளர்க்கும் மத்திய அரசாங்க நிலையம் குலூ பள்ளத்தாக்கிலுள்ள கார்சாவில் அமைந்திருப்பது தற்செயலன்று. சமவெளியில் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட நாள்களில் நிழலும், காற்றும், படுத்துக்கொள்ளக் குளிர்ந்த ஓடும் தேவை. கோடையில் சோர்ந்து கிடக்கும் முயலை ‘இன்னும் பழகவில்லை’ என்று விட்டுவிடுதல் ஆபத்தாகும்.

பொறுத்திருக்கக் கூடாத ஒன்று

முயலைப் பழக்குவதில் எல்லாவற்றிற்கும் பொறுமை வேண்டும். உணவு ஒன்றிற்கு மட்டும் பொறுமை கூடாது. முயலின் குடல் ஓயாது இயங்க வேண்டிய உறுப்பு. அச்சத்தால் உண்ணாவிடில் குடலியக்கம் தளரும். வாயு நிறைந்து வலி உண்டாகும். வலியால் அது மேலும் உண்ணாது. முயலால் வாந்தியெடுக்கவும் இயலாது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாத, புழுக்கை இடாத முயலைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். “புது இடமல்லவா, நாளை உண்ணும்” என்று காத்திருந்து இழந்த முயல்கள் பல. ஆகவே தினமும் காலையில் புழுக்கைகளைப் பார்வையிடுதல், அருவருப்பாயினும், வளர்ப்பவரின் முதற் கடமை. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் இருத்தல் வேண்டும். உருவம் சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ எச்சரிக்கையாகும். முயல் தன் மென்மையான இரவு மலத்தைத் தானே உண்பது நோயன்று. அதன் ஜீரண முறையே அதுதான்.

கூண்டு முயல் பசும் புல்லையே கண்டிராதிருக்கலாம். கிண்ணத்தில் நீர் குடிக்க அறியாதிருக்கலாம். பழைய இடத்தில் தின்ற தீவனத்தையே முதலிற் கொடுத்து, ஓரிரு வாரங்களில் படிப்படியாக மாற்றுதல் நன்று. பழகிய குழாய்ப் புட்டியையும் மண் கிண்ணத்தையும் அருகருகே வைக்கலாம். முடிவில் உணவின் பெரும் பகுதி உலர்ந்த புல்லாகவே இருத்தல் வேண்டும். நெல் வைக்கோல் அதற்கு ஈடாகாது. அறுகம்புல் நாடெங்கும் கிடைக்கும். காயவைத்தும் பச்சையாகவும் கொடுக்கலாம். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாதலால் வளர்ந்த முயலுக்குச் சிறிதளவே தகும். படங்களில் முயலோடு இணைபிரியாத காரட், உண்மையில் இனிப்புப் பண்டமே. மனிதருக்கு வாங்கிய பென்சிலின் இன மருந்தை வாய்வழி கொடுத்தல் முயலின் உயிருக்கே உலை வைக்கும்.

அச்சத்தையும் வலியையும் பிரித்தறிவது எவ்வாறு? காதில் பச்சை குத்தும்போது முயலின் முகம் மாறும் விதத்தை ஆராய்ந்து, 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் ஓர் அளவுமுறை வகுத்தனர். கண் இடுங்குதல், கன்னம் ஒட்டுதல், நாசித்துளை கூர்த்தல், மீசை விறைத்தல், காதுகள் சுருண்டு பின்சாய்தல் ஆகியவை அதன் ஐந்து குறிகள். அஞ்சிய முயலின் கண் அகன்றிருக்கும். வலியுற்ற முயலின் கண் பாதி மூடியிருக்கும். பல்லை மெல்ல அரைத்தல் இன்பத்தின் ஒலி. உரக்க நெறித்தல் வலியின் ஒலி.

நெருங்கும் முறை

முயலின் கண்கள் தலையின் பக்கங்களில் அமைந்திருப்பதால், ஏறத்தாழ எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். தன் மூக்கின் நேர் முன்னே உள்ளது மட்டும் தெரியாது. மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்து. எனவே நின்றுகொண்டு குனிவதை விடுத்து, தரையில் அமர்தல் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் முயல் சுறுசுறுப்பாயிருக்கும்; அவ்வேளையில் ஒருவர் தினந்தோறும் ஒரே இடத்தில் அமர்ந்து, முயலைப் பாராமல், செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தாலே போதும். அருகில் இரண்டு கொத்தமல்லித் தழை கிடக்கட்டும். முதல் நாள்களில் அவர் எழுந்து போனபின்னரே தழை மறையும். பிறகு ஒருநாள் முயல் வந்து ஆடையை முகரும். அப்போதும் கையை நீட்டலாகாது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு ஒருமுறை தடவியதால் மூன்று வார உழைப்பு வீணாவதுண்டு.

மனிதர் இருக்கையிலேயே முயல் முகத்தைக் கழுவிக்கொள்வது நல்ல அடையாளம். காவலைச் சற்றே தளர்த்தினாலன்றி அது அதைச் செய்யாது. மோவாயை நாற்காலிக் காலில் தேய்த்து, அங்குள்ள சுரப்பியின் மணத்தால் இடத்தைத் தனதாக்கிக்கொள்ளும். பின்னர் திடீரெனப் பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து, கால்களை நீட்டிக் கிடக்கும். அதைக் கண்டு முயல் இறந்ததென அலறியவர்கள் உண்டு. அது நிம்மதியான உறக்கமேயாகும். சில முயல்கள் இரண்டு வாரத்திலும், சில ஓராண்டிலும் இந்நிலையை எய்தும். மடியில் ஏற ஒருபோதும் இசையாதவையும் உண்டு. அவற்றை வற்புறுத்தத் தேவையில்லை. இனத்துணை பேருதவி செய்யும். ஆனால் கருத்தடைச் சிகிச்சைக்குப் பிறகே, இரண்டிற்கும் புதிதான ஓரிடத்தில் அறிமுகம் செய்தல் வேண்டும்.

தீபாவளி வெடியின்போது பெட்டியை உள்ளறைக்கு மாற்றுதல் நலம். தூக்கியே தீரவேண்டிய சமயம், மருத்துவரிடம் செல்லும் சமயமே. முயலின் எலும்புகள் மெல்லியவை. பின்னங்கால் தாங்கலின்றித் தொங்கினால், உதைத்துக்கொள்ளும் வேகத்தில் முதுகெலும்பே முறியக்கூடும். ஆதலால் கூடையை எப்போதும் அறையிலேயே திறந்து வைத்து, நாள்தோறும் சிறிது புல்லை அதனுள் இடவேண்டும். தானே ஏறிப் பழகிய கூடையின் கதவை மெல்லச் சாத்தினால், எவர் கையும் படாமலே முயல் மருத்துவரிடம் போய்த் திரும்பலாம்.