விம்கோ நகரில் மின்கம்பியைப் புதைக்கலாமா?

சென்னை ஒருமுறை மின்சாரத்தை மண்ணுக்குள் வைத்துப் பார்த்த ஊர்தான். 1895 மே 7 அன்று இந்தியாவின் முதல் மின்சார டிராம் இங்கே ஓடத் தொடங்கியபோது, அதற்கான மின்சாரம் தலைக்கு மேலே போன கம்பியிலிருந்து வரவில்லை. தண்டவாளத்தையொட்டித் தரைக்குக் கீழே அமைத்த குழிப்பாதையிலிருந்து வந்தது. அந்த ஏற்பாடு மழைக்காலத்தைத் தாங்கவில்லை. குழிப்பாதையில் வெள்ளம் புகுந்து கெடுத்தது. பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள்.

நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், 'இந்தக் கம்பிகளையெல்லாம் பூமிக்குள் புதைத்துவிட்டால் என்ன?' என்று வடசென்னையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: தெருவில் ஓடுகிற கம்பிகளைப் புதைக்க வேண்டும். ஆனால் தண்ணீரை மறந்துவிட்டுப் புதைத்தால், காற்றில் இருந்த ஆபத்தைத் தெருத் தண்ணீரில் இறக்கிவிட்டதாகத்தான் முடியும்.

தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கிய, வடசென்னைத் திருவொற்றியூரின் விம்கோ நகர், மின்சாரம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கும் வடக்கே வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் நிலையமும் ஓடுகின்றன. அங்கிருந்து 4 லட்சம், 2 லட்சத்து 30 ஆயிரம், 1 லட்சத்து 10 ஆயிரம் வோல்ட் என்று இரும்புக் கோபுரங்களில் கிளம்பும் மின்சாரம், துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, 11,000 வோல்ட்டாகத் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. கடைசியில் 230 வோல்ட்டாக வீட்டுக்குள் நுழைகிறது. இவை போதாதென்று, புறநகர் ரயிலுக்கும் மெட்ரோ ரயிலுக்கும் மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. ரயில் தொட்டு எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் அதைப் புதைக்கும் பேச்சுக்கே இடமில்லை. எனவே 'மின்கம்பியைப் புதை' என்று சொல்லும்போது எந்தக் கம்பி என்று கேட்டாக வேண்டும்.

மேலே போகும் கம்பிக்கு உறை கிடையாது. வெறும் அலுமினியம், நடுவில் வலுவுக்கு எஃகு இழை. அதைச் சுற்றியிருக்கும் காற்றுதான் அதற்குக் காப்பு. காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கெட்டுப்போனாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும், கம்பி சூடானால் ஆற்றியும் விடும். உலகம் முழுக்கத் தூரத்து மின்சாரம் ஆகாயத்தில் போவதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான். கம்பியைக் கோபுரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ பிரித்து வைப்பது மட்டும் பீங்கான் இன்சுலேட்டரின் வேலை. கடலோரத்தில் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணூர்க் கடற்காற்றில் வரும் உப்புத் துளிகள் பீங்கானில் படிந்து காய்கின்றன. அதன்மேல் ஆலைத் தூசியும் சாம்பலும் சேர்கின்றன. காய்ந்து கிடக்கும்வரை அந்தப் படிவால் கெடுதல் இல்லை. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. மார்கழிப் பனி இறங்கினாலோ, மெல்லிய தூறல் போட்டாலோ உப்பு கரைந்து, பீங்கானின் மேற்பரப்பு மின்சாரம் கசியும் பாதையாகிவிடுகிறது. கசியும் மின்சாரத்தின் சூட்டில் ஆங்காங்கே சிறு பட்டைகளாக ஈரம் உலர்கிறது. உலர்ந்த பட்டையைத் தாண்டிப் பொறி பாய்கிறது. பனிக்கால இரவில் கம்பத்தடியில் நின்றால் 'சர்ர்' என்று கேட்கும் ஓசை அதுதான். பொறிகள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், கம்பியிலிருந்து இரும்புக்கு மின்சாரம் தாவி, லைன் டிரிப் ஆகிறது. கொட்டும் மழையால் நன்மைதான், அது உப்பைக் கழுவிவிடும். தூறலும் பனியும்தான் எதிரிகள். இதற்காகவே கடலோர இன்சுலேட்டர்களுக்கு மடிப்புகள் அதிகம் வைக்கிறார்கள். மிக மோசமான மாசுள்ள இடங்களில், ஒவ்வோர் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பரப்பு வழியாக 31 மில்லிமீட்டர் பாதை இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கணக்கு. தண்ணீர் ஒட்டாத சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்களும் இப்போது வந்துவிட்டன.

உப்பு மெல்ல அரிக்கும். புயல் ஒரே நாளில் முடித்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. விழுந்த மரங்கள் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு போயின. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. புயலே இல்லாமலும் உயிர் போகிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேரடி என்று ஒரு மெட்ரோ நிலையத்துக்கே பெயர் உள்ள திருவொற்றியூர்க்காரர்களுக்கு அந்தச் செய்தி வேறு விதமாகத்தான் காதில் விழுந்திருக்கும்.

சரி, புதைக்கலாம். எதைப் புதைக்கிறோம் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

11,000 வோல்ட் கேபிள் ஒன்றைக் குறுக்கே வெட்டினால், நடுவில் முறுக்கிய அலுமினியத்தாலான மூன்று மையங்கள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கறுப்புப் படலம், அதன்மேல் வெண்மையான பாலிஎத்திலீன் உறை, மறுபடி ஒரு கறுப்புப் படலம், செம்புப் பட்டி. மூன்றையும் சேர்த்துக் கட்டிய உள்ளுறை, அதன்மேல் எஃகுக் கவசம், எல்லாவற்றுக்கும் வெளியே பி.வி.சி. தோல். இதில் உண்மையான காப்பு அந்த வெள்ளை உறைதான், கனம் 3.6 மில்லிமீட்டர். கம்பத்தில் ஓரடிக்கு மேல் காற்று இடைவெளி விட்டுச் செய்கிற வேலையை அந்த மூன்றரை மில்லிமீட்டர் செய்கிறது. அதனால் அதற்குள் ஒரு காற்றுக் குமிழியோ, ஊசிமுனை அளவு ஈரமோ இருந்துவிடக் கூடாது. ஈரம் நுழைந்தால் மின்னழுத்தத்தின் தூண்டுதலில் உறைக்குள் மரக்கிளை போன்ற நுண்விரிசல்கள் வளரும். அவை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒருநாள் உறையைக் கடந்து வெடிக்கும்.

இந்தியத் தர விதிப்படி 11,000 வோல்ட் கேபிளைக் குறைந்தது 90 செ.மீ. ஆழத்தில் இட்டு, மேலும் கீழும் மணல் பரப்பி, செங்கல்லோ ஓடோ அடுக்கி மூட வேண்டும். அந்தச் செங்கல் ஓர் எச்சரிக்கை: பிறகு யாராவது தோண்டும்போது கடப்பாரையில் முதலில் அது இடற வேண்டும். ஜே.சி.பி. இயந்திரத்துக்கு அந்த நிதானம் கிடையாது. குடிநீர்க் குழாய்க்கும், மழைநீர் வடிகாலுக்கும், தொலைபேசிக் கேபிளுக்கும் மாறி மாறித் தோண்டப்படும் சென்னைத் தெருவில், கேபிளுக்கு முதல் எதிரி அடுத்த துறையின் பள்ளம்தான்.

அடிபட்ட இடத்தில் ஜாயின்ட் போட வேண்டும். பள்ளத்துக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு படலத்தையும் அளவு பார்த்துச் சீவி, கையில் வியர்வை படாமல் துடைத்து, மையங்களை இணைத்து, உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மீண்டும் கட்டியெழுப்புகிற வேலை அது. மழை பெய்யும்போது செய்யவே கூடாது. ஆனால் கேபிள் பெரும்பாலும் மழையில்தான் போகிறது. தெருவே இருண்டு கிடக்க, தார்ப்பாய் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. அவசரத்தில் போட்ட ஜாயின்ட்தான் அடுத்த மழையில் முதலில் போகும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும் தனிக் கலை. மேல்கம்பி அறுந்தால் லைன்மேன் நடந்து போய்ப் பார்த்துவிடலாம். மண்ணுக்குள் இருப்பதற்கு முதலில் ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறார்கள். பிறகு உயரழுத்தத் துடிப்புகளைச் செலுத்தினால், பழுதான இடத்தில் மண்ணுக்கடியில் 'தொம் தொம்' என்று பொறி வெடிக்கும். சாலையில் ஒலிவாங்கியை வைத்துக் கேட்டு, அந்த இடத்தைத் தோண்டுகிறார்கள். கேபிள் அடிக்கடி போகாது. போனால் சரிசெய்ய அதிக நேரம் பிடிக்கும்.

சூடு இன்னொரு பிரச்சினை. இந்த வெள்ளை உறை தொடர்ந்து தாங்கக்கூடியது 90 டிகிரி செல்சியஸ். உள்ளே பிறக்கும் சூட்டை மண்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஈர மண் நன்றாக வாங்கும். காய்ந்த மணல் வாங்காது. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து சாட்சி. 1998-இல் வறண்ட கோடையில், அந்நகரின் மையப்பகுதிக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு பெரிய நிலத்தடிக் கேபிள்கள் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பிப்ரவரி 20 தொடங்கி ஐந்து வாரம் நகர மையம் முடங்கியது. விம்கோ நகரின் கடற்கரை மணலில் கேபிள் போடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இனி தண்ணீருக்கு வருவோம். புதைந்த கேபிள் தண்ணீரில் கிடந்தாலும் வேலை செய்யும். ஆனால் அது எங்காவது வெளியே தலைகாட்டியாக வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் இடத்தில், தெருவோரம் சாம்பல் நிறத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ்தான் அந்தத் தலை. உள்ளே ஃபியூஸ்களும் திறந்த செம்புப் பட்டைகளும் இருக்கும். தெருவில் இரண்டடி தண்ணீர் நின்றால் அதற்குள்ளும் நிற்கும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையிலும் சென்னையின் பல பகுதிகளில் மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்தி வைத்ததற்கு இந்தப் பயம்தான் காரணம். பயம் காரணமில்லாததும் அல்ல. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் பாய்ந்திருந்த மின்சாரம் இரண்டு சிறுமிகளின் உயிரைக் குடித்தது. 2021 மழைக்குப் பிறகு தாழ்வான பகுதிகளில் பில்லர் பாக்ஸ்களை ஒரு மீட்டர் உயர்த்தும் பணி நடந்தது. அது இந்தப் பக்கத்தின் எல்லாத் தெருவுக்கும் வர வேண்டும்.

கோபுரக் கம்பிகளைப் புதைக்கலாமா? எண்ணூர் கழிமுகத்தில் கோபுரங்கள் எழுப்ப மண் கொட்டியதை மீனவர்கள் எதிர்த்த நியாயம் எனக்குப் புரிகிறது. அந்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆனால் 4 லட்சம் வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் புதைப்பதில் இயற்பியலே குறுக்கே நிற்கிறது. கேபிளின் மையமும் வெளிச்செம்பும் சேர்ந்து ஒரு நீண்ட மின்தேக்கி ஆகின்றன. வினாடிக்கு ஐம்பது முறை அதை நிரப்பிக் காலி செய்வதற்கே மின்னோட்டம் செலவாகிறது. நீளமான தோட்டக் குழாயின் மறுமுனையில் தண்ணீர் வருமுன் குழாயே நிரம்ப வேண்டியிருப்பதைப் போல. சில பத்துக் கிலோமீட்டர்களைத் தாண்டினால் கேபிளின் திறன் பெருமளவு இதற்கே போய்விடும். நேர்மின்னோட்டமாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. 2021-இல் திறக்கப்பட்ட புகளூர் – திருச்சூர் தடம் அப்படிப்பட்டது, 2,000 மெகாவாட். கேரளத்தில் கோபுரத்துக்கு நிலம் கிடைக்காமல் ஒரு பகுதியை நிலத்தடியில் கொண்டுபோனார்கள். அதற்கு இரு முனையிலும் மாற்று நிலையம் வேண்டும். செலவு மிக அதிகம். எனவே கோபுரங்கள் கோபுரங்களாகவே இருக்கட்டும். அவற்றைக் கழிமுகத்தின் நீரோட்டத்தை மறிக்காமல் அமைக்கச் சொல்வதே சரியான கோரிக்கை.

புதைப்பதால் எல்லா இருட்டும் நீங்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்தபோது, கேபிள் உள்ள தெருக்களும் சேர்ந்துதான் இருண்டன.

செலவு பொதுவாக மேல்கம்பியைவிட நான்கிலிருந்து பத்து மடங்கு. சிங்கப்பூர் முழுவதையும் நிலத்தடிக்குக் கொண்டுபோய், முக்கியத் தடங்களுக்கு 60 மீட்டர் ஆழத்தில் நடந்து போய்ப் பழுதுபார்க்கும் சுரங்கமே வெட்டியிருக்கிறது. அந்தப் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் தானே புயலில் அடிபட்ட பிறகு, உலக வங்கிக் கடனுதவியோடு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் மேல்கம்பிகளைக் கேபிளாக மாற்றும் பணியை நம் அரசே எடுத்தது. கடலோரத்துக்கு இது ஆடம்பரம் அல்ல என்று ஒப்புக்கொண்ட முடிவு அது. அதே உப்பும் அதே புயலும் உள்ள பக்கத்து எர்ணாவூருக்கும் விம்கோ நகருக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

இங்கே 11,000 வோல்ட் லைனையும் வீட்டு லைனையும் புதைக்க வேண்டும். தேர் ஓடும் வீதிகளை முதலில் எடுக்க வேண்டும். கடல் அரிக்கும் கரையோரத்தில் மட்டும் கேபிளைச் சாலைக்கு மேற்குப் பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். பள்ளம் தோண்ட முடியாத சந்துகளில் உறையிட்டு முறுக்கிய வான்வழிக் கேபிள் போதும். மரக்கிளை உரசினாலும் மின்சாரம் தாக்காது. எந்தத் தெருவிலும் வடிகாலைக் கட்டி முடித்த பிறகுதான் கேபிள் பள்ளம் வெட்ட வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

இவையெல்லாம் நடக்கும்வரை, உங்கள் தெரு பில்லர் பாக்ஸின் கதவு திறந்து கிடந்தாலோ, அதன் அடிப்பாகம் தரையோடு தரையாக இருந்தாலோ, மழை வருமுன் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கிவிட்டால் அதன் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.