போடிக்காரனுக்கு உறுமி தெரியுமா?

"உங்க ஊர்ல என்ன மேளம்?"

அயர்லாந்தில் கால்வே நகரம். படிக்கப் போன ரெண்டாவது வாரம். ஒரு பப்பில் மூலை மேஜையைச் சுத்தி ஆறேழு பேர் உட்கார்ந்து ஃபிடில், புல்லாங்குழல்னு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. வாசிக்கத் தெரிஞ்சவங்க வாத்தியத்தோட வந்து சேர்ந்துக்கலாம். 'செஷன்'னு பேரு. அதில் ஒரு தாத்தா ஆட்டுத்தோல் கட்டிய வட்ட மேளத்தைக் குட்டிக் குச்சியால் தட்டிக்கிட்டு இருந்தார். எழுத்தில் பார்த்தால் 'போட்ரான்' மாதிரி இருக்கும். 'அட, நம்ம போடி!'ன்னு குதிச்சேன். கூப்பிடுறது என்னவோ 'பௌரான்'! கேள்வி கேட்டது அந்தத் தாத்தாதான்.

நான் போடிநாயக்கனூர்ப் பையன். போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம். ஏலக்காயை மோந்து பார்த்தே தரம் சொல்லிடுவேன் (சரி, கொஞ்சம் பில்டப்தான்!). மேளம்? "உறுமி"ன்னேன். "எப்படி வாசிப்பாங்க?"ன்னார். நான் திருதிரு. அந்த வாரக் கலைவிழாவில் ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடி மானத்தைக் காப்பாத்திக்கிட்டேன்.

அங்கே கூட்டமா ஆடுற ஆட்டத்துக்குப் பேரே 'கேலி'! ஆனா தப்பா ஆடினா யாரும் கேலி பண்றதில்லை பாஸ். எதிர்வரிசை ஆள் தோளைப் பிடிச்சு சரியான இடத்தில் நிறுத்திட்டு, அடுத்த அடிக்குப் போய்க்கிட்டே இருப்பார். நான் மிதிச்ச கால்களுக்குக் கணக்கே இல்லை.

அப்போதான் ஜான் ஹிக்கின்ஸ் பத்திப் படிச்சேன். 1939-ல் அமெரிக்காவில் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவர். புல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து, வீணை தனம்மாளின் பேரன் டி.விஸ்வநாதனிடம் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டார். தெலுங்கு, தமிழ் உச்சரிப்பில் ஆரம்பிச்சு எல்லாமே அவருக்குப் புதுசு. 1965-ல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். கண்ணை மூடிக் கேட்டவங்களுக்கு வெள்ளைக்காரர்னே தெரியாதாம்! 'ஹிக்கின்ஸ் பாகவதர்'னு பேரே வந்துடுச்சு. பரதநாட்டியத்தின் இசையைத்தான் பி.எச்டி.க்கும் எடுத்துக்கிட்டார். 1984-ல் ஒரு சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தது பெரும் சோகம்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. குரு விஸ்வநாதனும் அதே புல்பிரைட்டில் 1958-ல் அமெரிக்கா போய்ப் படிச்சவர்தான். பிறகு 1975-ல், சிஷ்யன் படிச்ச அதே வெஸ்லியனில் டாக்டர் பட்டமும் வாங்கினார். யாரு குரு, யாரு மாணவன்னு குழம்புதா?

பறை கத்துக்க வந்தவங்களும் உண்டு. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் பறைக் கலைஞர்களைப் பத்தி 2011-ல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். நாம தீண்டக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்ச மேளத்தை அவர் கையில் எடுத்துப் பழகினார்னு படிச்சப்போ சுருக்குனு இருந்துச்சு. போடிப் பக்கம் கம்பளத்தார் தேவராட்டம் ஆடுறப்போ, 'அது அவங்க ஆட்டம்'னு ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தவன்தானே நான்?

படிப்பு முடிஞ்சு ஊருக்கு வந்ததும் மொத வேலையா, தேவராட்டம் ஆடுற ஒரு பெரியவர்கிட்ட போய் நின்னேன். "ஏன்யா, சீமைக்குப் போயிட்டு வந்தா இதெல்லாம் கேக்கத் தோணுதோ?"ன்னார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாம நெளிஞ்சேன். அப்புறம் சிரிச்சுக்கிட்டே கைக்குட்டை ரெண்டு கொடுத்தார்.

இந்த ஆட்டத்துக்குப் பாட்டு கிடையாது. உறுமிதான் எல்லாம். ஒரு பக்கம் நேர்க்குச்சியால் அடி, மறுபக்கம் வளைஞ்ச குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க 'ங்ர்ர்ர்ம்'னு ஒரு உறுமல், அடிவயிறு வரைக்கும் இறங்குது. மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏறுது. சலங்கைக் காலும் கைக்குட்டை வீச்சும் அதோட ஒட்டிக்கிட்டே போகணும். என் கால் நாலாவது அடியிலேயே தனி ரூட் போட்டுடுச்சு. பெரியவர் ஒண்ணும் சொல்லலை, தோளைப் பிடிச்சு இடத்தில் நிறுத்திட்டுப் போயிட்டார். அப்படியே கால்வே!

உறுமிச் சத்தத்தை செல்போனில் பதிவு பண்ணி கால்வே தாத்தாவுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்துச்சு: "அந்தக் குச்சியை எப்படி வளைக்கிறாங்க?"

தெரியலை. ஞாயித்துக்கிழமை போய்க் கேக்கணும்.