கண்ணில் பூ விழாமல் இருக்க

கதிர் அடிக்கும்போது நெல் தூசு ஒன்று கண்ணில் தெறிக்கிறது. கசக்கிவிட்டு, முந்தானையால் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் கண் சிவக்கிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, நீர் வடிகிறது. பிறகு கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கிராமங்களில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிற பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

மருத்துவர்கள் கார்னியா என்று சொல்லும் கருவிழி, கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலம். நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெளிச்சத்தைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. தெளிவாக இருக்கவேண்டும் என்பதால் இதில் ரத்தக்குழாய்களே கிடையாது. தேவையான ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தழும்பு விழுந்தால் அந்தத் தெளிவு போய்விடும்.

1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்ட சரிபாதி. பூஞ்சைகளில் அதிகம் காணப்பட்டது ஃபியூசேரியம். மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை அது. குளிர்நாடுகளில் இந்த அளவுக்குப் பூஞ்சைப் புண் கிடையாது. இது நம் வயல்காட்டு நோய்.

மருத்துவர் முதலில் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். பிறகு மரத்துப்போகும் சொட்டு விட்டு, மெல்லிய பிளேடால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகள் கிளை பிரிந்து ஓடுவது தெரியும். இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. எந்த மருந்து என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் சொட்டு. இழைப்பூஞ்சை என்றால் பெரும்பாலும் நாட்டாமைசின். விலை கூடிய புது மருந்தான வோரிகோனசோலோடு இதை ஒப்பிட்டுத் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. பழைய நாட்டாமைசினே மேல், அதிலும் ஃபியூசேரியத்துக்கு நிச்சயமாக மேல் என்று அது காட்டியது. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை விடவேண்டும். ஆற வாரக்கணக்கில் ஆகும். வலி குறைந்ததும் பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

இதைவிடப் பெரிய கேடு, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. சிவப்பு உடனே குறையும். குணமாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியின் மேற்பரப்பைத் தாக்கியிருந்தாலும் அப்படியே. அதற்கு வேண்டியது அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடக்கூடாது. தூசியை நாக்கால் எடுப்பதும் ஆபத்து.

நகரத்து இளைஞர்களிடம் வேறு நோய்கள். கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு அகந்தமீபா என்ற அமீபா தொற்றலாம். வலி தாங்கமுடியாது, சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரட்டோகோனஸ் வரலாம். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினால் கவனிக்கவேண்டும். ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புறஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சை, பெரும்பாலோருக்கு நோய் மேலும் வளராமல் தடுக்கிறது. வயதானவர்களுக்கு உள்ளடுக்குச் செல்கள் குறைந்து கருவிழி வீங்குவதும் உண்டு. அந்த அடுக்கை மட்டும் மாற்ற இப்போது முடிகிறது.

தழும்பு நிலைத்துவிட்டால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. 1905-ல் எட்வர்ட் சிர்ம் அதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னையில் தொடங்கியது. ஆனால் மாற்று இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். தானக் கண்கள் தேவைக்குப் போதவில்லை. தொற்றால் சிதைந்து, ரத்தக்குழாய் படர்ந்த கண்ணில் பொருத்திய கருவிழி நிலைப்பதும் கடினம்.

கண்ணில் எது பட்டாலும் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள்.