தோய்ச்சலும் கோணலும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அவன் எய்த ஓர் அம்பே யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் வீழ்த்திற்று எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். அவ்வம்பின் முனை சிறிது கோணியிருப்பின் அப்பாட்டுப் பிறந்திராது. முனையை வடித்த கொல்லன் பெயரையோ எவரும் எழுதிவைத்திலர்.

இம்மலையில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. மிளகும் காப்பியும் பயிராகின்றன. கதிர் கொய்யக் கதிரரிவாளும், கிளை கழிக்கக் கொடுவாளும் வேண்டும். மெல்லிய அலகுடைய இக்கருவிகளைக் காய்ச்சித் தோய்க்குங்கால் அவை கோணிவிடுதல் உண்டு. பல நாழிகை உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். அறுவடைக்கு ஆள் கூடிய நாளில் கோணிய கருவியோடு நிற்பவனுக்கு அஃது எளிய இழப்பன்று.

கோணல் எவ்வாறு உண்டாகிறது? எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சினால் அது விரியும். அதன் உள்ளமைப்பும் மாறும். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தமும் அதனைப் பற்றாது. அந்நிலையில் சட்டெனக் குளிர்வித்தால் உள்ளமைப்பு மீண்டும் மாறிக் கடினமாகும். அம்மாற்றத்தில் எஃகு சிறிது பருக்கும். அலகின் விளிம்பு மெல்லியதாதலின் முந்திக் குளிரும். முதுகு தடித்ததாதலின் பிந்திக் குளிரும். ஒரு பகுதி சுருங்க, மற்றொரு பகுதி பருக்க, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இழுப்பு மிகுந்தால் அலகு வளையும். மேலும் மிகுந்தால் வெடிக்கும்.

சம்மட்டி அடியினால் அலகினுள் இறுக்கம் தங்கியிருக்கும். ஆதலின், அடித்து முடித்ததும் ஒருமுறை செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுள் புதைத்து ஆறவிடல் வேண்டும். அவசரத்தால் இதனை விட்டுவிடுவோர் உளர். கோணலின் வேர் பலவேளை இங்கேயே கிடக்கிறது. பின்பு உலையில் அலகைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுதல் வேண்டும். துருத்தியின் காற்று ஓரிடத்தையே தாக்கலாகாது. தோய்க்கும்போது படுக்கையாக இடாது செங்குத்தாக இறக்குதல் வேண்டும். மேலும் கீழும் அசைக்கலாம்; பக்கவாட்டில் அசைத்தல் தகாது.

நீர் வெப்பத்தை விரைந்து கவரும். எண்ணெய் மெல்லக் கவரும். பழைய லாரியின் வில்பட்டையை அறுத்துச் செய்யும் அலகிற்கு எண்ணெயே போதும். எண்ணெயிலிருந்து எடுத்தவுடன், கை பொறுக்காத சூடு இருக்கும்போதே, இரண்டு தட்டையான இரும்புப் பலகைகளுக்கிடையே இறுக்கிவைத்தால் சிறு கோணல் நிமிரும். முற்றும் ஆறியபின் சம்மட்டியால் நிமிர்த்த முயன்றால் அலகு கண்ணாடிபோல் ஒடியும்.

அவ்வொடிதன்மை நீங்க, அலகைத் துலக்கி மீண்டும் இளஞ்சூடு ஊட்டுவர். 230 பாகை அளவில் அதன்மேல் வைக்கோல் மஞ்சள் தோன்றும். 300 பாகையை நெருங்குங்கால் நீலம் படரும். கதிரரிவாளுக்கு மஞ்சளே போதும். கட்டையில் மோதும் கொடுவாளை நீலம் தலைகாட்டும் வரை காய்ச்சுதல் நன்று.