பிரெஞ்சுக் கனடியர் குடும்பப்பெயர் மரபும் குடிவழி ஆய்வும்

தந்தையின் குடும்பப்பெயர் மக்களிடம் மாறாது தொடரும் என்னும் கருத்தே ஐரோப்பியக் குடிவழி ஆய்வுகள் பலவற்றுக்கு அடிப்படை. கனடாவின் கியூபெக் பகுதிப் பிரெஞ்சு மொழியினரிடம் இக்கருத்து முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரே குடியின் வழிவந்தோர் இருவேறு குடும்பப்பெயர்களைக் கொண்டிருத்தலும், உறவற்ற பலர் ஒரே பெயரைக் கொண்டிருத்தலும் அங்கு உண்டு. இம்மயக்கம் தோன்றிய முறையையும், அதனைக் களைவதில் திருமணப் பதிவுகள் பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

‘தி’ பெயர்கள்

பிரெஞ்சு மொழியில் ‘தி’ என்பது ‘எனப்படும்’ எனப் பொருள்படும். ‘ஹூதோன் தி போல்யூ’ என்பதற்குப் ‘போல்யூ எனப்படும் ஹூதோன்’ என்பது பொருள். இக்குடியின் வழியினருள் சிலர் ஹூதோன் எனவும் சிலர் போல்யூ எனவும் இன்று வழங்குகின்றனர்.

இத்தகைய பெயர்களின் தோற்றுவாய்களுள் படைவீரர் புனைபெயர் முதன்மையானது. 1665இல் நியூ பிரான்சுக்கு வந்த கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்களுள் ஏறத்தாழ 400 பேர் அங்கேயே குடியமர்ந்தனர். லாஃப்ளேர் (மலர்), சான்சூசி (கவலையற்றவன்) போன்ற படைப்பெயர்கள் குடும்பப்பெயர்களாயின. ஒரே படைப்பெயரைத் தொடர்பற்ற வீரர் பலர் பெற்றிருந்தமையால், லாஃப்ளேர் என்னும் பெயரொற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஆஞ்சு நிலப்பகுதியினரைக் குறிக்கும் லாஞ்செவேன் போன்ற ஊர்வழிப் பெயர்களுக்கும் இது பொருந்தும்.

பதிவேடுகளும் மகளிர் பெயரும்

கியூபெக்கின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் 1621இல் தொடங்குகின்றன. 1640இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்த தொடக்ககாலப் பதிவுகள் நினைவிலிருந்து மீண்டும் எழுதப்பெற்றன. ஆண்மக்களுக்கு ஜோசப், பெண்மக்களுக்கு மரி என முன்பெயர் சேர்த்துத் திருமுழுக்கு அளிக்கும் வழக்கம் பரவியிருந்தமையால், இயற்பெயரைக் கொண்டு ஒருவரைப் பிரித்தறிதலும் எளிதன்று.

இந்நிலையில் தீர்வு தருவது திருமணப் பதிவே. அதில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் பொதுவாக இடம்பெறும். தாய், தம் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயராலேயே குறிக்கப்பெறுவார். தந்தை ஓரிடத்தில் ஹூதோன் எனவும் பிறிதோரிடத்தில் போல்யூ எனவும் பதிவாகியிருப்பினும், மனைவி பெயர் ஒத்திருப்பின் இருவரும் ஒருவரே எனத் துணிய வலுவான சான்று கிடைக்கிறது. கைம்பெண்ணின் மறுமணப் பதிவில் பெற்றோருக்கு மாற்றாக முன்னைக் கணவர் பெயரே குறிக்கப்படுதலும் உண்டு. அந்நிலையில் முதல் திருமணப் பதிவைத் தேடுதல் வேண்டும்.

இம்மரபின் பயனாகவே 1663 முதல் 1673 வரை மன்னரின் உதவியுடன் வந்து குடியேறிய ஏறத்தாழ 800 ‘அரசரின் மகளிர்’ வழிமரபு மறையாது நிற்கிறது. மணத்திற்குப் பின்னும் பெண் தம் பிறப்புப் பெயராலேயே குடியுரிமைகளைச் செலுத்த வேண்டும் என்பது 1981 முதல் கியூபெக்கின் சட்டமாகவும் உள்ளது.

புலம்பெயர்வும் பெயர்மாற்றமும்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலை நகரங்களுக்குச் சென்றோரிடம் மொழிபெயர்ப்பு மற்றொரு படிமாற்றமாயிற்று. புவாவேர் கிரீன்வுட் ஆயிற்று. ருவா கிங் ஆயிற்று. இவ்வழியினர் ஆங்கிலப் பெயரை மட்டும் பின்பற்றினால் அட்லாண்டிக்கின் மறுகரையில் தொடர்பற்ற ஆங்கிலக் குடியொன்றைத் தம் மூதாதையராகக் கொள்ள நேரும்.

முடிவு

பிரெஞ்சுக் கனடியர் குடிவழியில் குடும்பப்பெயர் ஒரு குறிப்பே. முடிந்த சான்று அன்று. கணவன், மனைவி ஆகிய இருவர் பெயரும் ஒருசேரப் பொருந்தும் இணையே ஆய்வின் அடிப்படை அலகாகும். மகளிர் பெயரைக் காத்த பதிவு மரபே ஆடவர் பெயர்மயக்கத்தையும் தீர்த்துவைக்கிறது.