முதுகு வழியா வலி மருந்து: கூடவே என்ன கலக்குறாங்க?

ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் என்றால், பலர் அத்திப்பள்ளி டோலைத் தாண்டி பெங்களூரு போகிறார்கள். சிலர் இந்தப் பக்கம், 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட கிருஷ்ணகிரிக்கு வருகிறார்கள். எங்கே சேர்ந்தாலும் 'எபிடியூரல்' என்ற வார்த்தை காதில் விழலாம். "முதுகுல ஊசி போடுவாங்க, வலி தெரியாது" என்பதோடு விளக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் அதில் எந்த மருந்து கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, கவனிக்க வேண்டிய ஆபத்தும் மாறும்.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள். அதன் வழியே பியூபிவகைன் அல்லது ரோபிவகைன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து போகும். 1921-ல் ஸ்பெயின் ராணுவ டாக்டர் ஃபிடெல் பாஹெஸ் விவரித்த முறைதான் இதற்கு அடிப்படை. வயிற்றில் தையலோடு இருப்பவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி தேங்கி நிமோனியா வரலாம். அதனால் வலியைக் குறைப்பது சொகுசு இல்லை, சிகிச்சையே.

அப்புறம் எதற்குக் கலவை?

மரத்துப்போக வைக்கும் மருந்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் பிபி இறங்கும், கால் தூக்க வராது. அதன் அளவைக் குறைத்து, துணைக்கு இன்னொன்றைச் சேர்க்கிறார்கள்.

ஃபென்டனில் கொழுப்பில் எளிதில் கரையும்; சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் தீரும். மார்ஃபின் நேர்மாறு. மெதுவாகத் தொடங்கி ஒரு நாள் வரைகூட நிற்கும். சிக்கலும் அங்கேதான்: மூச்சு மந்தமாவது பல மணி நேரம் கழித்து வரலாம். எனவே 24 மணி நேரக் கண்காணிப்பு தேவை. உடம்பு அரிப்பு, வாந்தி, சிறுநீர் அடைப்பு இரண்டிலும் வரலாம், மார்ஃபினில் கூடுதல்.

குளோனிடின், டெக்ஸ்மெடிட்டோமிடின் இரண்டும் ஓபியாய்டு இல்லை. 2011-ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா' வெளியிட்ட ஓர் ஆய்வில், கருப்பை அகற்றும் ஆபரேஷன் செய்துகொண்ட 50 பெண்களிடம் இவை இரண்டும் ஒப்பிடப்பட்டன. டெக்ஸ்மெடிட்டோமிடின் சீக்கிரம் பிடித்தது, அதிக நேரம் நின்றது. அரிப்புத் தொல்லையும் குறைவு. ஆனால் நாடித்துடிப்பும் பிபியும் இறங்கலாம். 50 பேரை வைத்து இதுதான் சிறந்தது என்று முடிவுகட்டவும் முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு: பேப்பர் வேலை. மார்ஃபினும் ஃபென்டனிலும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. 2014 திருத்தம் விதிகளைத் தளர்த்தினாலும், அனுமதி, இருப்புக் கணக்கு என்று வேலை இருக்கிறது. டெக்ஸ்மெடிட்டோமிடினுக்கு அந்தத் தொல்லை இல்லை. சின்ன ஆஸ்பத்திரிக்கு இது சாதாரண வசதி இல்லை.

என்ன கேட்கலாம்?

"என்ன மருந்து சேர்த்திருக்கீங்க? ராத்திரி யார் பார்ப்பாங்க?" என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. நோயாளி எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், மூச்சு குறைந்தால், உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். கால் பலவீனம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், முதுகு வலி திடீரென ஏறினால், காலை வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டி தண்டுவடத்தை அழுத்தலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். குழாய் வைக்கும்போது மட்டுமல்ல, எடுக்கும்போதும் டாக்டர் அந்த நேரக் கணக்கைப் பார்ப்பார்.